எக்மோ நோயாளியின் மூளையைக் கண்காணிப்பது எப்படி: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பி, நுரையீரலுக்கும் இதயத்துக்கும் துணைபுரியும் எக்மோ கருவி எல்லாவற்றுக்கும் ஒலி எழுப்பும். ரத்த ஓட்டம் குறைந்தால் கத்தும், குழாயில் காற்றுக்குமிழி வந்தால் கத்தும், மின்சாரம் போனால் கத்தும். நோயாளியின் மூளையில் பாதி செயலிழந்தாலும் அது சும்மா இருக்கும். மயக்க மருந்தில் படுத்திருப்பவர் "கை வரவில்லை" என்று சொல்லவும் மாட்டார்.

எக்மோ படுக்கையருகே செவிலியராக வேலை செய்துவிட்டு, இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். பம்ப்பின் திரையை எல்லோரும் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். நோயாளியின் தலையை மறந்துவிடுகிறார்கள். அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். இது பெரியவர்களுக்கான எக்மோவைப் பற்றியது. மருந்தின் அளவுகளுக்கு உங்கள் பிரிவின் நெறிமுறையையும் பொறுப்பு மருத்துவரின் உத்தரவையும் பின்பற்றுங்கள்.

1. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

எக்மோவில் மூளைக்கு வரும் கேடு நான்கு வகை: மூளைக்குள் ரத்தக் கசிவு, அடைப்பால் வரும் பக்கவாதம், ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் மூளை முழுவதும் பாதிக்கப்படுவது, வலிப்பு. கசிவும் அடைப்பும் ஒரே நோயாளியிடம் அடுத்தடுத்து வருவதும் உண்டு.

நுரையீரலுக்கு மட்டும் துணைபுரியும் விவி எக்மோவில் ரத்தம் சிரையிலிருந்து எடுக்கப்பட்டு சிரைக்கே திரும்புகிறது. இதயத்துக்கும் சேர்த்துத் துணைபுரியும் விஏ எக்மோவில் அது நேராகத் தமனிக்குள் போகிறது. வழியில் நுரையீரல் என்ற வடிகட்டி கிடையாது. பம்ப்பிலிருந்து ஒரு சிறு உறைகட்டி கிளம்பினால் மூளைவரை தடுக்க ஆளில்லை. எல்சோ என்ற பன்னாட்டு எக்மோ அமைப்பின் பதிவேட்டை ஆராய்ந்தபோது விஏ எக்மோவில் சுமார் 15 சதவீதத்தினருக்கும், விவி எக்மோவில் சுமார் 7 சதவீதத்தினருக்கும் மூளை, நரம்புச் சிக்கல் பதிவாகியிருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவை மட்டும்தான் பதிவேட்டில் ஏறும். ஸ்கேன் எடுக்காமலே போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

எந்த வகை எக்மோ என்பதைப் பொறுத்துப் பயமும் மாறும். விவி நோயாளியிடம் கசிவை முதலில் சந்தேகியுங்கள். விஏ நோயாளியிடம், அதிலும் இதயம் நின்று மீட்புச் சிகிச்சை நடக்கும்போதே எக்மோ போடப்பட்டவரிடம், அடைப்பையும் ஆக்ஸிஜன் பற்றாக்குறையையும் சேர்த்தே நினையுங்கள்.

2. கான்யுலா, அதாவது ரத்தத்தை எடுத்துத் திருப்பிவிடும் குழாய், போடுவதற்கு முன்: இவர் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தவறவிடும் படி இது. ஐந்தாம் நாள் வலது கண்மணி பெரிதாக இருக்கிறது என்று பதறி சிடி அறைக்கு ஓடுவோம். பிறகு மகள் வந்து, "அப்பாவுக்கு அந்தக் கண்ணில் பத்து வருடத்துக்கு முன் அறுவை நடந்தது, அது எப்போதும் அப்படித்தான்" என்பார். எக்மோவோடு ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோய் வருவது சிறிய ஆபத்தல்ல. முதல் நாளே இரண்டு நிமிடம் கேட்டிருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

ஒரே தாளில் இவற்றை எழுதுங்கள்: மூச்சுக்குழாய் போடும் முன் நினைவு எப்படி இருந்தது, நான்கு கை கால்களும் அசைந்தனவா, எந்தக் கைப்பழக்கம், முன்பு பக்கவாதமோ வலிப்போ வந்ததா, கண்புரை அறுவை அல்லது கண்ணழுத்த நோய்க்கான சொட்டு மருந்து உண்டா, காது கேட்குமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாரா. இதயம் நின்றிருந்தால், எத்தனை நிமிடம் மார்பழுத்தம் இல்லாமல் கிடந்தார், எத்தனை நிமிடம் அழுத்தம் கொடுக்கப்பட்டது என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

எந்த மொழி புரியும் என்பதையும் கேளுங்கள். சென்னை மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தெலுங்கு மட்டும் தெரிந்தவரிடம் தமிழில் "கையைத் தூக்குங்கள்" என்று மூன்று நாள் சொல்லிவிட்டு, "கட்டளைக்கு இணங்கவில்லை" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திற, கையைப் பிடி, கால்விரலை அசை என்ற மூன்று சொற்களையும் உறவினரிடம் கேட்டு அவர் மொழியில், தமிழ் எழுத்தில் படுக்கைத் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.

நெற்றியில் ஒட்டும் என்ஐஆர்எஸ் பட்டை உங்கள் பிரிவில் இருந்தால், பம்ப் ஓடத் தொடங்கும் முன்பே இரு பக்கமும் ஒட்டி முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெற்றிக்கு உள்ளே மூளைத் திசுவில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது ஒளியைக்கொண்டு கணக்கிடுகிறது. தனி எண்ணைவிட அது எவ்வளவு மாறியது என்பதே பயன்படும். ஆரம்ப எண் இல்லாமல் மாற்றத்தை எப்படிக் கணக்கிடுவது?

3. தமனி ஊசி வலது கையில்தான்

தொடை வழியாக விஏ எக்மோ போட்டால், ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் பெருந்தமனியில் கீழிருந்து மேலே ஏறுகிறது. இதயம் தேறத் தொடங்கும்போது மேலிருந்து கீழே தள்ளுகிறது. இரண்டும் நடுவில் ஓரிடத்தில் மோதும். நுரையீரல் இன்னும் கெட்டிருந்தால், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு. அந்த ரத்தம் முதலில் போய்ச்சேரும் இடங்கள் இதயத்தின் சொந்தக் குழாய்கள், வலது கை, மூளை.

இந்த நிலையில் காலிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 300 காட்டும். இடது கையிலும் நன்றாகவே இருக்கலாம். அதே நேரம் மூளைக்குப் போவது கருத்த ரத்தம். ஆகவே தமனி ஊசி வலது மணிக்கட்டில். ஆக்ஸிஜன் அளவி வலது கை விரலில் அல்லது வலது காது மடலில்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டருக்குப் பின்னால் எடுத்த மாதிரியின் அழகான எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது வழக்கமான தவறு. அது கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். மூளை எதைப் பெறுகிறது என்பதை வலது கைதான் சொல்லும். வலது கை எண் இறங்கினாலோ, நெற்றிப் பட்டையின் எண் ஆரம்பத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, 50க்குக் கீழே போனாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். வென்டிலேட்டர் அமைப்பை மாற்றுவதா, கான்யுலா அமைப்பையே மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். நாடித்துடிப்பின் அலை நேற்றைவிட இன்று உயரமாக வந்தால் மகிழலாம், ஆனால் அன்றுதான் இந்தக் கேடு தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. முதல் சில மணி நேரம்: கார்பன் டை ஆக்ஸைடை அவசரமாக இறக்காதீர்கள்

நுரையீரல் அடைபட்ட நோயாளியின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 90 மில்லிமீட்டர் வரை ஏறியிருக்கும். கான்யுலா போட்டு ஸ்வீப் வாயுவை, அதாவது ஆக்ஸிஜனேட்டர் வழியே ஓடி கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றும் வாயுவை, வேகமாகத் திறந்தால் அரை மணி நேரத்தில் 40க்கு இறங்கிவிடும். திரையில் பார்க்க வெற்றி போலத் தோன்றும்.

மூளையின் ரத்தக்குழாய்கள் இந்த வாயுவுக்கு ஏற்ப விரிந்து சுருங்குபவை. நாள்கணக்கில் விரிந்து பழகியவை திடீரென்று சுருங்கினால் மூளைக்கு ரத்தம் குறையும். 2020இல் வெளியான, எல்சோ பதிவேட்டிலிருந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விவி நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், முதல் 24 மணி நேரத்தில் இந்த அளவு பாதிக்கு மேல் சரிந்தவர்களிடம் மூளைச் சிக்கல் கூடுதலாக இருந்தது.

ஆகவே ஸ்வீப்பைக் குறைவாகத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டரில் ஆரம்பித்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் ரத்த வாயுப் பரிசோதனை எடுத்து, சிறிது சிறிதாக ஏற்றுவது எங்கள் பழக்கம். முதல் பரிசோதனையை ஒரு மணி நேரம் கழித்து எடுப்பதால் பயனில்லை, அதற்குள் சரிவு முடிந்திருக்கும். கான்யுலா போட்ட பரபரப்பில் எல்லோரும் போர்வையையும் குழாய்களையும் சரிசெய்துகொண்டிருப்பார்கள். வாயுப் பரிசோதனைக்கென்று ஒருவரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

ஆக்ஸிஜனும் அளவு மிஞ்சக்கூடாது. விஏ எக்மோவில் ஆக்ஸிஜனையும் காற்றையும் கலக்கும் கலப்பான் நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் நிற்பது சாதாரணக் காட்சி. வலது கையில் ஆக்ஸிஜன் அழுத்தம் 300ஐத் தாண்டி நிற்பது மூளைக்கு நல்லதல்ல. கேட்டுக் குறையுங்கள்.

5. மணிக்கொரு சோதனை: எப்போதும் ஒரே வரிசையில்

ஒரே வரிசையில் செய்தால் எதையும் விடமாட்டீர்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவரும் உங்கள் குறிப்போடு தன் குறிப்பை ஒப்பிடலாம். கண், முகம், கைகள், கால்கள், பிறகு திரை. திரையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் திரையைப் பார்ப்பவர் எண்கள் சரியாக இருப்பதைக் கண்டு நோயாளியைத் தொடாமலே போய்விடுகிறார்.

கண்மணியைப் பார்க்கும்போது அறை விளக்கைக் குறையுங்கள். அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள், இடது வலது தனித்தனியாக. வலிநீக்கியாகக் கொடுக்கும் ஃபென்டனில் போன்ற மருந்துகளால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போது சாதாரண டார்ச்சில் அசைவு தெரியாது. கண்மணி அளவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதன் குறியீட்டு எண் 3க்குக் கீழே போனால் அசாதாரணம். அது இல்லையென்றால் ஒரு பூதக்கண்ணாடி போதும், எங்கள் டிராலியில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

அடுத்தது அசைவு. மூச்சுக்குழாய் போட்டவர் பேச முடியாது என்பதால் நினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் பேச்சு மதிப்பெண் வீணாகிறது. கண், அசைவு, மூளைத்தண்டு, மூச்சு என நான்கைப் பார்க்கும் ஃபோர் அளவுகோல் இவர்களுக்குப் பொருத்தமானது. அதில் மூச்சுப் பகுதியை மட்டும் எச்சரிக்கையோடு படியுங்கள். ஸ்வீப் வாயு கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துவிடுவதால், மூளைத்தண்டு நன்றாக இருக்கும் நோயாளிகூட மூச்செடுக்காமல் இருக்கலாம்.

கான்யுலா உள்ள காலை மடக்கச் சொல்லாதீர்கள். கால்விரலை அசைக்கச் சொல்லுங்கள். அந்தக் கால் மட்டும் அசையவில்லை என்றால் மூளையைச் சந்தேகிக்கும் முன் காலைத் தொடுங்கள். சில்லிட்டு, வெளுத்து, நாடி இல்லாமல் இருந்தால் கோளாறு காலின் ரத்த ஓட்டத்தில். அதுவும் அவசரம்தான், ஆனால் அழைக்க வேண்டிய மருத்துவர் வேறு. அதே பக்கக் கையும் முகமும் சேர்ந்து தளர்ந்திருந்தால் மூளை.

தசை தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அசைவுச் சோதனைக்குப் பொருளே இல்லை. நரம்புத் தூண்டியை வைத்து மருந்தின் தாக்கம் விட்டதா என்று பார்த்த பிறகே "அசைவில்லை" என்று எழுதுங்கள். அந்த மருந்து ஓடும் நாள்களில் வலிப்பு வந்தாலும் உடல் துடிக்காது. கண்மணியும், நெற்றிப் பட்டையும், இருந்தால் மூளை மின்னலைப் பதிவும் (இஇஜி) மட்டுமே மிச்சம்.

மூளைக்குள் அழுத்தம் ஏறினால் ரத்த அழுத்தம் ஏறும், நாடி குறையும் என்று படித்திருப்பீர்கள். விஏ எக்மோவில் அந்த அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டத்தை நடத்துவது பம்ப் என்பதால் அது மறைந்துபோகும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. முந்தைய மணி நேரத்துக் கட்டத்தில் "இரண்டும் சமம், 3, வினை உண்டு" என்று இருந்தால், அதையே அடுத்த கட்டத்திலும் எழுதிவிட்டுப் போவது. விடியற்காலை நான்கு மணிக்கு அது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்த மணி நேரத்தில் மாறியது என்பதைப் பொறுத்துதான் அடைப்பை நீக்கும் சிகிச்சை செய்யலாமா என்று முடிவெடுப்பார்கள். பார்க்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான கட்டம் பொய் சொல்லாது.

6. நாளுக்கு ஒருமுறை மயக்க மருந்தைக் குறைத்துப் பாருங்கள்

மயக்கத்தில் ஆழ்ந்திருப்பவரிடம் செய்யும் சோதனை கால் பங்கு தகவல்தான் தரும். நோயாளி எழுந்து உங்களைப் பார்த்து, கையை அழுத்தினால் அது பத்து ஸ்கேனுக்குச் சமம்.

செய்யும் முன் பொறுப்பு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். பம்ப் ஓட்டம் நிலையாக இருக்க வேண்டும், கான்யுலாவின் தையலும் ஒட்டுப்பட்டையும் உறுதியாக இருக்க வேண்டும். ஒருவர் கான்யுலாவின் மேல் கை வைத்து நிற்க வேண்டும், மற்றொருவர் பேச வேண்டும். திடுக்கிட்டு எழும் நோயாளி முதலில் கைவைப்பது கழுத்துக் குழாயில்தான். வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்லி அழையுங்கள். "ஐயா, மருத்துவமனையில் இருக்கிறீர்கள், தொண்டையில் குழாய் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பிறகு கட்டளைகளைக் கொடுங்கள்.

எக்மோ குழாய்களும் ஆக்ஸிஜனேட்டரும் ஃபென்டனில், மிடசோலம் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதலில் அதிக அளவு கொடுக்க வேண்டிவரும், பிறகு உடம்பில் சேர்ந்த மருந்து இறங்கவும் நாளாகும். இந்த உண்மையே ஒரு வலையாகவும் மாறுகிறது. "மருந்து இன்னும் இறங்கவில்லை" என்று முதல் நாள் சொல்வது நியாயம். மூன்றாம் நாளும் அதையே சொன்னால், நாம் பார்க்க பயப்படுகிறோம் என்று பொருள். மருந்தை நிறுத்தி 24 மணி நேரம் ஆகியும் எழவில்லை என்றால் ஸ்கேன் பற்றியும் மூளை மின்னலைப் பதிவு பற்றியும் வாயைத் திறந்து கேட்பது எங்கள் பிரிவின் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் 24 மணி நேரமும் காக்க வேண்டாம்.

7. ரத்தத்தை ஒரு குறுகிய வரப்பின் மேல் நடத்துவது

குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். பம்ப்பின் சுழற்சி தட்டணுக்களைக் குறைக்கிறது, ரத்தம் ஒட்ட உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தையும் சிதைக்கிறது. ஆகவே பரிசோதனை எண்கள் எல்லைக்குள் இருக்கும்போதே கசிவு வரலாம். எண்ணை மட்டும் நம்பாமல் ஈறு, மூக்கு, கான்யுலாவைச் சுற்றிய இடம், சிறுநீரின் நிறம் எல்லாவற்றையும் பாருங்கள். சிறிய கசிவுகள் கூடினால், பெரிய கசிவு வரும் முன் ஹெப்பாரினின் இலக்கைக் குறைக்கலாமா என்று கேட்க அது நல்ல நேரம்.

ரத்த அழுத்தமும் இதில் சேர்ந்தது. சராசரி அழுத்தம் 70க்குக் கீழே போனால் மூளை பட்டினி கிடக்கும். மிக உயர்ந்தால், ஹெப்பாரின் ஓடும் மூளைக்குள் குழாய் வெடிக்கலாம். நோயாளியைத் திருப்பும்போதும் சளி உறிஞ்சும்போதும் அழுத்தம் எகிறும், அதற்கு முன்பே வலிநீக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடைப்பு கிளம்பும் இடங்கள் மூன்று. முதலாவது ஆக்ஸிஜனேட்டர்: ஷிஃப்ட் தொடக்கத்தில் டார்ச் அடித்து இரு பக்கமும் பாருங்கள். ரத்தம் உள்ளே வரும் பக்கத்துக் கருத்த கட்டியைவிட, வெளியேறும் பக்கத்துச் சிறு கட்டி ஆபத்தானது, அது நோயாளியை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது. இரண்டாவது இதயத்தின் இடது அறை: விஏ எக்மோவில் தமனி அலை தட்டையான கோடாகிவிட்டால் பெருந்தமனி வால்வு திறக்கவில்லை என்று பொருள், தேங்கிய ரத்தம் உறையும். எக்கோ பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது காற்று. பம்ப்புக்கு முந்தைய சிரைப் பகுதியில் உறிஞ்சும் அழுத்தம் இருக்கிறது. அங்குள்ள ஒரு மூடியைத் திறந்தால் ரத்தம் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நோயாளியின் கழுத்துச் சிரைக் குழாயின் மூடியை அலட்சியமாகத் திறப்பதும் அப்படியே. புதியவர்களின் கையை நான் பிடித்து நிறுத்தியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வையுங்கள். கழுத்துச் சிரையில் கான்யுலா இருப்பவருக்குத் தலை ஒருபக்கம் சாய்ந்தால் மூளையிலிருந்து ரத்தம் வடிவது இன்னும் தடைபடும். காய்ச்சலை விடாதீர்கள். எக்மோவின் வெப்பமாற்றி உடல் வெப்பத்தைச் சீராகவே காட்டும் என்பதால் காய்ச்சல் மறைந்திருக்கும், வெப்பமாற்றி தண்ணீரை எவ்வளவு குளிரவைக்கிறது என்று பாருங்கள்.

8. மாற்றம் தெரிந்தால்: முதல் பத்து நிமிடம்

குரல் கொடுத்து ஆளை அழையுங்கள், நேரத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை பாருங்கள், இது முப்பது நொடி வேலை. வலது கையில் ரத்த வாயு எடுங்கள். பம்ப் ஓட்டம், சராசரி அழுத்தம், உடல் வெப்பம், கடைசியாக எந்த மயக்க மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். இவ்வளவையும் செய்த பிறகு மருத்துவரிடம் சொன்னால் அவர் ஒரே மூச்சில் முடிவெடுக்க முடியும்.

ஹெப்பாரினை ஸ்கேன் முடியும்வரை நிறுத்திவைப்பதா என்று உடனே கேளுங்கள். கேட்காமல் விட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதை முறிக்கும் புரோட்டமினை யாராவது எடுத்தால், கொடுக்கும் முன் எக்மோ கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டும் பொறுப்பு மருத்துவரும் பேச வேண்டும். குழாய் முழுவதும் ஒரேயடியாக உறைந்துவிடலாம்.

9. சிடி அறைக்குப் போகும் பயணம்

தேவையானவை எல்லாம் படுக்கையில் ஏறிய பிறகே படுக்கை நகர வேண்டும். குழாய் அடைக்கும் இடுக்கிகள் நான்கு, கையால் பம்ப்பைச் சுழற்றும் கைப்பிடி, மின்கலத்தின் மிச்சம், கையால் அழுத்தி மூச்சளிக்கும் ஆம்பு பை, அவசர மருந்துகள், ரத்தம் ஏற்றத் தயாராக ஒரு சிரை வழி.

ஆக்ஸிஜனைக் கணக்குப் போட்டே எடுங்கள். முழு பி வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஸ்வீப்புக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர், வென்டிலேட்டருக்கு 10 லிட்டர் என்றால் 100 நிமிடம் வரும். சிலிண்டர் முழுதாக இருப்பது அரிது, லிஃப்ட் காத்திருக்க வைப்பது வழக்கம். ஆகவே பாதியாகவே எண்ணுங்கள், ஸ்வீப்புக்குத் தனி சிலிண்டர், வென்டிலேட்டருக்குத் தனி சிலிண்டர். சுவரிலிருந்து ஸ்வீப் குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டிய பிறகு, ஆக்ஸிஜனேட்டரிலிருந்து வெளிவரும் ரத்தம் சிவப்பாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சிலிண்டரை மாட்டிவிட்டு அதன் திருகைத் திறக்க மறந்த பயணம் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். வாசலைத் தாண்டும் முன் குழாய் இரண்டும் ஒரே நிறமானதால்தான் தெரிந்தது.

ஒருவர் கான்யுலா, ஒருவர் பம்ப், ஒருவர் மூச்சுக்குழாய், ஒருவர் கட்டளை. கட்டளையிடுபவர் எதையும் தூக்கக்கூடாது. சிடி மேசைக்கு மாற்றிய பிறகு, படம் எடுக்கும் முன் மேசையை முழு தூரமும் ஒருமுறை உள்ளே வெளியே நகர்த்திக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

முதலில் சாயமில்லாத சிடி. கசிவு இருந்தால் அதிலேயே தெரியும். ரத்தக்குழாய்களையும் பார்க்க வேண்டுமானால், விஏ எக்மோவில் சாயம் வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்துக்குப் போகாது என்பதைக் கதிரியக்க மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். எக்மோவில் இருக்கும்போது வழக்கமான எம்ஆர்ஐ அறைக்குப் போகக்கூடாது, பம்ப்பில் காந்தமும் உலோகமும் இருக்கின்றன.

10. ஸ்கேனில் தெரிந்த பிறகு

கசிவு என்றால் ஹெப்பாரின் நிற்கும். விவி எக்மோ நல்ல ஓட்டத்தோடு ஹெப்பாரின் இல்லாமல் நாள்கணக்கில் ஓடும். ஓட்டத்தைக் குறைக்காதீர்கள், மெதுவான ரத்தம்தான் உறையும். ஆக்ஸிஜனேட்டரைப் பார்க்கும் இடைவெளியை மணிக்கு ஒருமுறையாக்குங்கள், மாற்றுக் கருவியைத் தயாராக வையுங்கள். விஏவில் அந்தச் சலுகை குறைவு. உறைகட்டி நேராகத் தமனிக்குப் போகும் என்பதால் நரம்பு அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே நேரத்தில் படுக்கையருகே பேச வேண்டும், தொலைபேசியில் தனித்தனியாக அல்ல.

அடைப்பு என்றால், ஹெப்பாரினில் இருப்பவருக்கு உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாகப் பொருந்தாது. பெரிய குழாய் அடைபட்டிருந்தால் கம்பி வழியாக அதை எடுக்கும் சிகிச்சை சாத்தியம். நேரம் முக்கியமாவது இங்கேதான், ஐந்தாம் படியில் சொன்ன கட்டங்களைத் தேடுவார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் நோயாளியும் எழவில்லை என்றால் மூளை மின்னலைப் பதிவைக் கேளுங்கள். உடல் துடிக்காத வலிப்பு அதில் மட்டும்தான் தெரியும். இருபது நிமிடப் பதிவில் தெரியாதது ஒரு நாள் பதிவில் தெரிவதுண்டு.

11. மூளைச்சாவு என்ற சந்தேகம்

இதில் அவசரமும் கூடாது, தள்ளிப்போடுவதும் கூடாது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் நான்கு மருத்துவர் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். மயக்க மருந்து, தசை தளர்த்தி, உடல் குளிர்ச்சி, தாழ்ந்த ரத்த அழுத்தம் இவை எதுவும் காரணமில்லை என்று முதலில் தெளிவாக வேண்டும்.

மூச்சுச் சோதனையில்தான் எக்மோ குறுக்கே நிற்கிறது. வென்டிலேட்டரை மட்டும் கழற்றினால், ஸ்வீப் வாயு கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்டே இருக்கும், அளவு ஏறாது. எனவே முன்கூட்டியே முழு ஆக்ஸிஜன் கொடுத்து, ஸ்வீப்பை நிமிடத்துக்கு 0.5 முதல் 1 லிட்டருக்குக் குறைத்து, அளவு 60ஐத் தாண்டும்வரை மார்பைப் பார்க்கிறார்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும். விஏ எக்மோ என்றால் வலது கையிலும் ஆக்ஸிஜனேட்டருக்குப் பின்னும் இரண்டு இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். பம்ப் ஓட்டத்தைக் குறைக்காதீர்கள், குறைக்க வேண்டியது ஸ்வீப் வாயுவை மட்டும். இந்த இரண்டையும் குழப்பியவர்களைக் கண்டதால் அழுத்திச் சொல்கிறேன்.

12. குடும்பத்திடம் எப்போது, எதைச் சொல்வது

2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் சிகிச்சையின்போதும், 2020 செப்டம்பரில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் சிகிச்சையின்போதும் செய்திகளில் எக்மோ என்ற சொல்லைக் கேட்டவர்கள் நம் மக்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே முடிந்தது என்று நினைப்பவர் பாதி, இந்தக் கருவி இருக்கும்வரை எதுவும் ஆகாது என்று நினைப்பவர் மீதி. ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அம்மா, இந்தக் கருவி இதயத்தையும் நுரையீரலையும் தாங்கும். மூளையைத் தாங்காது. மூளையை நாங்கள் தினமும் சோதிக்கிறோம், மாற்றம் இருந்தால் அன்றே உங்களிடம் சொல்வோம்." மருத்துவர் இதைச் சொல்லும்போது செவிலியர் உடனிருக்க வேண்டும். இரவில் அந்த அம்மா அதே கேள்வியை உங்களிடம்தான் கேட்பார், பதில் மாறக்கூடாது.

முதல் நாள் சொல்லாமல் விட்டு, எட்டாம் நாள் கசிவு வந்த பிறகு சொன்னால், "நேற்றுவரை நன்றாக இருக்கிறார் என்றீர்களே" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். பம்ப் எண்களைப் பார்த்து "நன்றாக இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "பம்ப் நன்றாக ஓடுகிறது, அவர் இன்னும் கண் விழிக்கவில்லை" என்று சொல்லுங்கள்.

13. கான்யுலா எடுத்த பிறகு

எடுத்த அன்றும் மறுநாளும் மணிக்கொரு சோதனையை நிறுத்தாதீர்கள். எடுக்கும் நேரத்திலும் உறைகட்டி கிளம்பலாம். எம்ஆர்ஐ இப்போது சாத்தியம் என்பதால், விளங்காத தளர்ச்சி இருந்தவர்களுக்கு அதை நினைவுபடுத்துங்கள். தொடையில் கான்யுலா இருந்தவர் முழங்காலை நீட்ட முடியவில்லை என்றாலோ தொடை மரத்திருக்கிறது என்றாலோ, அது தொடை நரம்பு பாதிக்கப்பட்டதாலும் இருக்கலாம். இயன்முறை மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

மறதி, தூக்கமின்மை, கவனம் சிதறுவது ஆகியவை வீட்டுக்குப் போன பிறகுதான் வெளியே தெரியும். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள், சோம்பல் என்று திட்டிவிடக்கூடாது. இரண்டாம் படியில் எழுதிய முதல் நாள் தாளை, வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும் கோப்பின் மேல்பக்கத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது, இவர் முன்பு எப்படி இருந்தார் என்பதைத்தான்.